எடைக் கணக்கில் விடுபட்ட இரவு

எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தவர் முதலில் கைவைப்பது சாப்பாட்டுத் தட்டில். சோறு பாதியாகிறது, ராத்திரிக்குச் சப்பாத்தி வருகிறது, காபியில் சர்க்கரை போகிறது. அடுத்த வாரமே அதிகாலை நான்கரைக்கு அலாரம் வைத்து நடக்கக் கிளம்பிவிடுகிறார். படுப்பது மட்டும் பழையபடி பன்னிரண்டு மணிக்கு. நடைக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரம் தூக்கத்திலிருந்து வெட்டியெடுத்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எடையில் சொல்லும்படி மாற்றமில்லை, அசதிதான் மிச்சம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இவரிடம் எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்பவர் அபூர்வம்.

கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் அவை என்பதற்குக் கடந்த 25 ஆண்டுகளில் போதுமான சான்று சேர்ந்திருக்கிறது. அதில் எது உறுதியானது, எது அரைகுறை, நம் ஊர் வாழ்க்கையில் எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றினால் பலன் தெரியும் என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது அவசரமான விஷயம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் மாநிலத்துப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். 2019-21இல் அது 40.4 சதவீதமாயிற்று. ஆண்களில் 28.2 சதவீதம் 37.0க்கு ஏறியது. உடல் நிறைக் குறியீடு 25ஐத் தொட்டவர்களை மட்டும் எண்ணிய கணக்கு இது. இந்தியர்களுக்கு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது என்பது நம் மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். அதைப் போட்டு எண்ணினால் கூட்டம் இன்னும் பெரிது. இந்த ஏற்றத்துக்குத் தூக்கக் குறைவே காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எண்ணெய், மாவுச்சத்து, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை எல்லாம் சேர்ந்துதான் இங்கே கொண்டுவந்து விட்டன. ஆனால் இவை ஒவ்வொன்றையும் இன்னும் மோசமாக்கும் வேலையைத் தூக்கக் குறைவு செய்கிறது.

அது எப்படி என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வுகள் முதலில் காட்டின. ஈவ் வான் காட்டரும் கரீன் ஸ்பீகலும் சேர்ந்த குழு 1999இல் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டது. ஒரு வாரத்துக்குள் அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் சரிந்தது. 2004இல் அதே குழு 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரமும் வேறு இரண்டு இரவு 10 மணி நேரமும் படுக்கவைத்து ரத்தத்தைச் சோதித்தது. குறைத் தூக்கத்துக்குப் பிறகு, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. பசி 24 சதவீதம் அதிகம் என்று அவர்களே சொன்னார்கள். ஆசை ஓடியது இனிப்பின் மேலும் உப்பு நொறுக்கின் மேலும் மாவுப் பண்டங்களின் மேலும். இரவெல்லாம் விழித்தவர் மறுநாள் காலை இட்லியை விட்டுவிட்டுப் பூரியையும் போண்டாவையும் தேடுவதை நாக்கை அடக்கத் தெரியாத குணம் என்று ஏசுவது நியாயமில்லை. அதற்கு ரத்தத்திலேயே காரணம் இருக்கிறது.

இந்த ஆய்வுகள் சிறியவை, இளம் ஆண்களை வைத்தே செய்யப்பட்டவை. பின்னால் வந்த ஆய்வுகளில் ஹார்மோன் அளவுகள் எப்போதும் ஒரே மாதிரி அமையவும் இல்லை. மாறாமல் திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒன்றுதான்: தூக்கம் குறைந்தவர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள், அதுவும் இரவில் சாப்பிடுகிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2013இல் 16 பேரை ஐந்து நாள் தலா 5 மணி நேரம் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். விழித்திருக்கும் நேரம் கூடியதால் உடல் செலவழித்த ஆற்றல் சுமார் 5 சதவீதம் அதிகரித்தது. விழித்திருந்தால் கொழுப்பு கரையும் என்று நினைப்பவர்களுக்கு இது சாதகமாகத் தெரியலாம். ஆனால் இரவு உணவுக்குப் பிறகு அவர்கள் கொறித்தது அந்தச் செலவையும் மிஞ்சிப் போனது. ஐந்தே நாளில் எடை சுமார் 0.8 கிலோ ஏறியது.

பத்தியம் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது 2010இல் வந்த இன்னொரு சிகாகோ ஆய்வு. அதிக எடை கொண்ட பத்துப் பேருக்கு இரண்டு வாரம் அளந்து குறைத்த உணவு. ஒரு சுற்றில் எட்டரை மணி நேரப் படுக்கை, இன்னொரு சுற்றில் ஐந்தரை மணி நேரம். மொத்த எடை இரண்டு சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்தது. எது குறைந்தது என்பதில்தான் விஷயம். நன்றாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ. மீதி இழப்பு தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதியிலிருந்து வந்தது. அதே பட்டினி கிடந்தும், தூங்காதவர் தன் தசையைக் கொடுத்துவிட்டுக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்கிறார். பத்தியத்தை விட்டதும் எடை விறுவிறுவென்று திரும்ப ஏறுவதாகப் புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது என்பேன்.

இவையெல்லாம் தூக்கத்தைக் குறைத்துப் பார்த்த சோதனைகள். கூட்டினால் என்ன ஆகும் என்பதை 2022இல் ஆய்வாளர் எஸ்ரா தசாலியின் குழு சோதித்தது. இரவில் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், அதிக எடை கொண்ட 80 பேர். பாதிப் பேருக்குத் தூக்கப் பழக்கம் பற்றி ஆலோசனை மட்டும் சொன்னார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் தங்கள் வீட்டிலேயே சராசரியாக 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைவாக உண்டார்கள், ஏறத்தாழ ஒரு பரோட்டாவின் அளவு. இது நீடித்தால் மூன்றாண்டில் 12 கிலோ குறையலாம் என்று கணித்தார்கள். சோதனை நடந்தது இரண்டே வாரம் என்பதால் அந்த 12 கிலோவை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் உணவைப் பற்றிப் பேசாமலே உணவு குறைந்தது என்பது பெரிய செய்தி.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'சரி, சீக்கிரம் படுத்துவிட்டால் போதும்' என்று முடிவுகட்ட முடியாது. அது போதாது என்று காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு.

ஃபிராங்க் ஷில்பாக், கௌதம் ராவ் உள்ளிட்ட பொருளியலாளர்கள் சென்னையில் குறைந்த வருமானம் கொண்ட 452 பேரின் தூக்கத்தைக் கையில் கட்டும் கருவியால் அளந்தார்கள். 2021இல் வெளியான அந்த முடிவுகள் மனதை உறுத்துபவை. அவர்கள் படுக்கையில் இருந்தது சுமார் 8 மணி நேரம். தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். ஓர் இரவில் முப்பது தடவைக்குமேல் விழிப்பு. கொசு, புழுக்கம், தெருச் சத்தம், ஒரே அறையில் நாலைந்து பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தூக்க ஆலோசனையோடு கண்மறைப்பு, காதடைப்பான், மெத்தை, மின்விசிறி போன்றவையும் தரப்பட்டன. தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் படுக்கையில் கூடுதல் நேரம் கிடந்ததால் வந்த தூக்கம் அது. துண்டு துண்டாக உடைவது நிற்கவில்லை. வேலைத்திறனிலோ மனநலத்திலோ கண்டறியக்கூடிய முன்னேற்றம் ஏதும் தெரியவில்லை. மாறாக, வேலையிடத்தில் பிற்பகல் அமைதியான இடத்தில் அரைமணி நேரம் கண்ணயர்ந்தவர்களுக்குத் திறனும் தெளிவும் மனநிலையும் மேம்பட்டன.

இது எடையைப் பற்றிய ஆய்வாகத் திட்டமிடப்பட்டதல்ல. ஆனாலும் தூக்க ஆலோசனை சொல்லும் எவரும் இதைப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். குளிரூட்டிய தனியறையில் படுப்பவருக்கான பட்டியலைப் பெரும்பாக்கத்திலோ வியாசர்பாடியிலோ குடியிருப்பவரிடம் நீட்டுவதில் பயனில்லை. உலகெங்கும் கைக்கருவிகளால் அளந்த தூக்கத் தரவுகளைக் கொண்டு 2022இல் வந்த ஓர் ஆய்வு, வெப்பமான இரவுகளால் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேரத் தூக்கத்தை இழக்கிறார் என்று மதிப்பிட்டது. தூக்கம் வர உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நடுநிசிவரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருந்தால் அது எப்படி இறங்கும்? மொட்டை மாடிக்கு வெள்ளை பூசுவதும் கொசுவலை கட்டுவதும் நம் ஊரில் தூக்க மருத்துவம்தான். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும் என்றாலும், கடிபட்டு எழுவதைவிட அது மேல். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளித்தால் பத்து நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருகிறது என்று 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தோலுக்கு ரத்தம் ஓடி, உள்சூடு வெளியேறுவதே அதன் சூட்சுமம். வெயில்காலத்தில் அடுக்களையில் நின்று வேர்த்தவர் படுக்குமுன் குளிப்பது எப்படிப் பார்த்தாலும் நல்லது.

பழக்கங்களில் எனக்கு முதலிடம் எழும் நேரத்துக்கு. படுக்கும் நேரத்துக்குக்கூட இல்லை. தூக்கத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. எழுவது நம் கையில் இருக்கிறது. தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து வெளிச்சத்தில் நின்றால் உடலின் உள்கடிகாரம் அன்றைய இரவுக்கான நேரத்தையும் அப்போதே குறித்துவிடுகிறது. வாசல் தெளித்துக் கோலம் போடுவதும் மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இதற்குப் போதுமான வெளிச்சம் தருபவை. 2024இல் பிரிட்டனில் 60,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதைவிட எவ்வளவு ஒழுங்கான நேரத்தில் தூங்கினார்கள் என்பதே இறப்பு ஆபத்தோடு வலுவாகத் தொடர்புடையதாக இருந்தது. கவனித்து எண்ணிய ஆய்வுதான், காரணத்தை நிரூபித்ததல்ல. ஆனாலும் வாரமெல்லாம் ஆறுக்கு எழுந்து ஞாயிறன்று பத்துக்கு எழுபவரின் திங்கட்கிழமை எப்படி இருக்கிறது என்பதை அவரே அறிவார்.

இரண்டாவது இரவுச் சாப்பாட்டு நேரம். தூக்கமும் எடையும் நேராகச் சந்திக்கும் இடம் இதுதான் என்பதால் இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாஸ்டனில் ஃபிராங்க் ஷியரின் குழு 2022இல் 16 பேருக்கு அதே உணவை அதே அளவில், சுமார் நான்கு மணி நேரம் மட்டும் தள்ளிக் கொடுத்துப் பார்த்தது. தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது, லெப்டின் குறைந்தது, உடல் செலவழித்த ஆற்றலும் குறைந்தது. அளவு மாறாமலே நேரம் மட்டும் எடைக்கு எதிராகத் திரும்பியது. படுக்கும் நேரம் நெருங்க நெருங்க மெலட்டோனின் சுரக்கிறது. அது ஏறிய பிறகு கணையம் இன்சுலினை மந்தமாகவே விடுகிறது. ஒன்பதரைக்குச் சாப்பிட்ட மூன்று தோசையின் சர்க்கரை அதனால்தான் ரத்தத்தில் நெடுநேரம் நிற்கிறது. நெஞ்செரிச்சல் வேறு நடுநிசியில் எழுப்பும். வந்தவாசி, செஞ்சி வட்டாரத்துத் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உயிர்க்கொலை தவிர்ப்பதற்காக வந்த நெறி அது. உடலுக்கும் அது ஒத்துப்போகிறது.

எட்டரைக்கு மின்சார ரயிலிலிருந்து இறங்குகிறவரிடம் ஏழு மணிக்குச் சாப்பிடு என்று சொல்ல முடியாது. அவர் சாப்பாட்டைப் பிரித்துக்கொள்ளலாம். ஆறு மணிக்கு அலுவலகத்திலேயே ஒரு கிண்ணம் சுண்டல், இரண்டு முட்டை, அல்லது காலையில் கட்டிவந்த சப்பாத்தி. மாலை டீக்கடை பஜ்ஜியின் இடத்தில் இது அமர்ந்தால், வீடு வந்ததும் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் ரசமும் காயுமோ போதுமானதாகிவிடும். வயிறு காய்ந்து வருகிறவர்தான் ஒன்பதரைக்கு நான்காவது தோசை கேட்கிறார், அல்லது வழியில் கொத்துப் பரோட்டா தட்டும் சத்தம் கேட்டதும் வண்டியை ஓரம்கட்டுகிறார். சாப்பிட்ட பிறகு தெருவில் ஒரு பத்துப் பதினைந்து நிமிட நடை. காலை ஒரேயடியாக 45 நிமிடம் நடப்பதைவிட ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் 15 நிமிடம் நடப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்துகிறது என்பதை 2013இல் அமெரிக்காவில் முதியவர்களிடம் செய்த சிறு சோதனை காட்டியது. அதிகாலைத் தூக்கத்தைக் காவு கொடுக்காத நடை என்பதால் எனக்கு இது இன்னும் பிடித்தது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டே சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டும். தாழ்சர்க்கரை விளையாட்டுக் காரியமில்லை.

இங்கே சொல்லியே ஆகவேண்டியது வீட்டுப் பெண்ணைப் பற்றி. கணவருக்கு, பிள்ளைகளுக்கு, மாமியாருக்கு என்று சுட்டுப்போட்டு, கடைசியில் மிஞ்சிய மாவில் தனக்கு இரண்டு தோசை வார்த்துக்கொண்டு அவள் உட்காரும்போது மணி பத்தரை. வீணாகக்கூடாது என்று பிள்ளைகள் மிச்சம் வைத்ததும் அவள் தட்டுக்கே வருகிறது. பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு ஊறப்போட்டு, படுக்கப் பதினொன்றரை. பள்ளி வேன் ஏழு மணிக்கு வரும் என்றால் அவள் ஐந்துக்கு எழுந்தாக வேண்டும். கடைசியில் உண்டு, கடைசியில் படுத்து, முதலில் எழுகிற இந்த உடம்பில்தான் மேலே சொன்ன ஆய்வுகள் அத்தனையும் இரவுதோறும் நடக்கின்றன. இவளிடம் வாயைக் கட்டு என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. எல்லோரும் ஒன்றாக எட்டு மணிக்கு உட்காருவது, பாத்திரத்தை வேறொருவர் கழுவுவது, மதிய உணவு டப்பாவைக் கணவர் கட்டுவது: தூக்கத்துக்கும் எடைக்கும் இதைவிட எளிய அன்றாடப் பழக்கம் எனக்குத் தெரியவில்லை. அதைத் தொடங்க வேண்டியவர்கள் அவளைச் சுற்றி இருப்பவர்கள்.

காபி, டீ பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன், டீயில் 30 முதல் 65 மில்லிகிராம், ஒரு நாளின் உச்ச அளவு 300 மில்லிகிராம் என்று இருக்கிறது. உடம்பில் பாதி கஃபீன் வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். 2013இல் நடந்த சோதனையில் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்குமேல் தூக்கம் போனது. எனக்குக் காபி ஒன்றும் செய்யாது என்பவருக்கும் அது ஆழ்ந்த தூக்கத்தைக் குறைத்திருக்கக்கூடும். தூக்கக் குறை உள்ளவர் கடைசி டம்ளரை மூன்று மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. சாயங்காலம் கை தேடினால் சுக்குமல்லிக் காபி இருக்கிறது, கருப்பட்டியைக் குறைத்துப் போட்டு. மது குடித்தால் நன்றாகத் தூங்கலாம் என்ற நம்பிக்கையும் பொய்: அது சீக்கிரம் கண்ணைச் சொருகவைத்து, பின்னிரவைக் கலைத்துப்போடும்.

கைபேசி விஷயத்தில் நீல ஒளி பற்றிய பேச்சு அளவுக்கு மீறிப்போய்விட்டது. ஒளிரும் திரையில் நான்கு மணி நேரம் படித்தவர்களுக்குத் தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம்தான் தள்ளிப்போனது என்று 2014 இறுதியில் வெளியான ஹார்வர்டு ஆய்வு காட்டியது. நம்மிடமிருந்து ஒன்றரை மணி நேரத்தைப் பிடுங்குவது ஒளியைவிட, முடிவே இல்லாமல் ஓடும் காணொளிகள். திரைக்கு மஞ்சள் நிறம் போட்டுவிட்டு நள்ளிரவுவரை பார்ப்பதில் பயனில்லை. மின்னேற்றியைக் கூடத்தில் வைத்து, கைபேசியை அங்கேயே விட்டுவிட்டுப் படுக்கப் போவது போதும். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, தூக்கம் கண்ணைக் கட்டும்போது திரும்பிப் படுக்க வேண்டும். ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த இந்த முறை, தூக்கமின்மைக்கு இன்றைய சிகிச்சையிலும் அடிப்படையாக இருக்கிறது. பகல் தூக்கம் அரைமணிக்குள் இருந்தால் நல்லதே. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் தூங்கும் பெரியவர்கள்தான் ராத்திரி தூக்கமில்லை என்று மாத்திரை கேட்கிறார்கள்.

இரவுப் பணிக்காரர்களுக்கு இந்த அறிவுரைகள் பாதிதான் பொருந்தும். உள்கடிகாரத்துக்கு எதிரான நேரத்தில் தூங்கவும் உண்ணவும் வைத்தபோது லெப்டின் 17 சதவீதம் குறைந்ததையும் சர்க்கரை ஏறியதையும் ஷியரின் 2009 ஆய்வு காட்டியது. பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களிலும் மருத்துவமனை வார்டுகளிலும் அடுக்குமாடி வாசல்களிலும் விழித்திருப்பவர்கள் இந்த நிலையில்தான் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். பணிக்குக் கிளம்பும் முன் முக்கியச் சாப்பாட்டை முடித்து, நள்ளிரவுக்குப் பின் மோர், பழம், சுண்டலோடு நிறுத்தி, பகலில் கனத்த திரைச்சீலை போட்டு இருட்டாக்கித் தூங்கினால் சேதம் கொஞ்சம் குறையும். வாரத்துக்கு வாரம் பணிமுறையைச் சுழற்றாமல் இருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

எத்தனை பழக்கத்தைத் திருத்தினாலும் சிலருக்குத் தூக்கம் தேறாது. எடை கூடும்போது தொண்டையைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்து, தூங்கும்போது மூச்சுக்குழல் அடைபடுகிறது. மூச்சு நின்று, மூளை திடுக்கிட்டு எழுப்பி, மறுபடி மூச்சு வருகிறது. இது ஓர் இரவில் நூறு முறைக்குமேல்கூட நடக்கலாம். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. பகலில் அசதி, அசதியால் நடையில்லை, பசியும் கூடுதல், எடை இன்னும் ஏறுகிறது. நமக்குக் கழுத்து குட்டையாகவும் தாடை சிறிதாகவும் இருந்தால் பெரிய எடை இல்லாமலும் இது வரும். பலத்த குறட்டை, காலைத் தலைவலி, அடங்காத ரத்த அழுத்தம், சாலைச் சிக்னலில் கண்ணயர்வது ஆகியவை அறிகுறிகள். தானாகத் தூக்கமாத்திரை வாங்கிப் போட்டால் சிலருக்கு இது மோசமாகும். காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தும் முகமூடிக் கருவி பலருக்குப் பகலை மீட்டுத் தருகிறது. இந்த மூச்சடைப்பை உறுதிசெய்யும் தூக்கச் சோதனையை இப்போது வீட்டில் படுத்தபடியே செய்துகொள்ள முடியும். மருத்துவரிடம் போகும் முன், பக்கத்தில் படுப்பவர் அந்தக் குறட்டையும் திணறலும் வரும் இரண்டு நிமிடத்தைக் கைபேசியில் பதிவுசெய்து வைத்துக்கொண்டால் போதும். பாதி விவரம் அதிலேயே மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.